வெள்ளக் காலத்தில் பணமும் பத்திரமும்

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே, கரூர்ச் சாலையில், காவிரியின் தென்கரையை ஒட்டி அமைந்துள்ளது ஜீயபுரம். அதற்கு அண்மையிலுள்ள முக்கொம்பில்தான் ஆறு காவிரி என்றும் கொள்ளிடம் என்றும் இரண்டாகப் பிரிகின்றது. இப்பகுதியின் வாழைக்கும் நெல்லுக்கும் வாழ்வளிப்பது அந்நீரே. வாழ்வளிக்கும் நீர் சில ஆண்டுகளில் வீட்டு வாயிலுக்கும் வந்துவிடுகின்றது. அந்நாளில் உயிரைக் காப்பதே முதற் கடமை என்பதில் ஐயமில்லை. ஆனால் உயிர் தப்பிய குடும்பம் மறு மாதம் எவ்வாறு வாழப்போகின்றது என்பது, அது கையோடு எடுத்து வந்த ஒரு சிறு பையைப் பொறுத்து அமைகின்றது. அப்பையில் எவற்றை வைப்பது, எவற்றை வைக்கலாகாது, அதனை எவ்வாறு காப்பது என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க விரும்புகின்றோம்.

ஆறு நமக்குக் கற்பித்தது

1924ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் வந்த காவிரிப் பெருவெள்ளம் இன்றும் முதியோர் வழியாகப் பேசப்பட்டு வருகின்றது. 1934இல் மேட்டூர் அணை முடிந்த பின்னர் வெள்ளத்தின் வேகம் ஒருவாறு அடங்கிற்றேனும் ஆபத்து அறவே நீங்கிவிடவில்லை. 1977ஆம் ஆண்டு நவம்பரில் புயல் மழையால் திருச்சி நகரமே நீரில் மிதந்தது. 2005ஆம் ஆண்டிலும் காவிரியும் நகரின் கால்வாய்களும் கரை மீறின. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் இரவு, ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டப்பெற்ற முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. நூற்றெண்பது ஆண்டுகள் நின்ற கட்டடமும் ஓர் இரவில் சரியக்கூடும் என்பதை நம் பகுதி மக்கள் அன்று கண்ணாரக் கண்டனர்.

வெள்ளம் இருவகையாக வருகின்றது. மேட்டூரில் திறந்துவிடப்படும் நீர் இவ்விடம் வந்து சேரச் சில பொழுது ஆகும். அரசினர் எச்சரிக்கையும் முன்னரே வந்துவிடும். மழையால் காட்டாறுகளும் வாய்க்கால்களும் பெருகி வரும் வெள்ளமோ அவ்வாறன்று. நள்ளிரவில் தறி மேடைக்கு வந்த பின்னரே பலருக்குத் தெரியும். 2023ஆம் ஆண்டு டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. அத்தகைய மழையில், பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கின்றது என்று தேடிக்கொண்டிருக்க நேரமிராது. ஆகவே, பை முன்கூட்டியே கட்டி வைக்கப்பட்டிருத்தல் வேண்டும். வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்பது நம் நாட்டுப் பழமொழியன்றோ!

காகிதம் போனால் உரிமை போகுமா?

காகிதம் போனதனால் உரிமை சட்டப்படி போய்விடுவதில்லை. ஆனால் உரிமையை மெய்ப்பிக்க நாள் செல்லும். நிவாரணமும் கடனும் அந்நாள்களிலேயே வழங்கப்படுகின்றன. 2023 டிசம்பர் வெள்ளங்களுக்குப் பின்னர்த் தமிழக அரசு பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 6,000 ரூபாயை நியாய விலைக் கடைகளின் வாயிலாகவே வழங்கியது. குடும்ப அட்டையே அங்கு முதல் ஆதாரமாயிற்று. பயிர்க் காப்பீட்டில் சிலவகை இழப்புகளுக்கு 72 மணி நேரத்திற்குள் தகவல் கொடுத்தாக வேண்டும். வாழைத் தோட்டம் சாய்ந்து கிடக்கும்போது, பயிர்க் காப்பீட்டு ரசீதும் அடங்கல் நகலும் கையிலிருக்கும் விவசாயி உடனே மனுச் செய்வார். இல்லாதவர் அலுவலகம் அலுவலகமாக நடப்பார். இவ்விருவருக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு பருவத்து வருமானமாகும்.

குத்தகைக்குப் பயிரிடுவோர் நிலைமை இன்னும் கவனத்திற்குரியது. நிலம் பிறர் பெயரில் இருத்தலால், தாம் பயிர் செய்ததைக் காட்ட அவர்களுக்குக் குத்தகை ஒப்பந்தமும், குத்தகை செலுத்திய ரசீதுகளும், கிராம நிர்வாக அலுவலரின் சான்றுமே துணை. குத்தகை உரிமைகளைப் பதிவு செய்வதற்கான சட்டம் தமிழ்நாட்டில் 1969லேயே இயற்றப்பட்டது. அவ்வாறு பதிவு பெற்றோர் அதன் நகலைத் தவறாது பையில் வைத்தல் வேண்டும்.

உறையூர், மணமேடு முதலிய ஊர்களில் தறி நெய்வோருக்கும் இதுவே பொருந்தும். குழித் தறியில் நீர் முதலில் புகுவது மிதிப்பலகை உள்ள குழியிலேதான். பாவும் நூலும் நனைந்து கெட்டால், சங்கத்திடமிருந்து பெற்ற நூல் எவ்வளவு, நெய்து கொடுத்த துணி எவ்வளவு, தறியில் இருந்தது எவ்வளவு என்று கணக்குக் காட்ட வேண்டிவரும். நெசவாளரிடம் உள்ள நூல் கணக்குப் புத்தகம் அந்நேரத்தில் ரொக்கத்திற்குச் சமமானது. பலர் அதனைத் தறிக்கு அருகிலேயே செருகி வைக்கின்றனர். நூலோடு கணக்கும் நனைந்துபோக அதனைவிட எளிய வழி வேறில்லை.

மூலம் வேறு, நகல் வேறு

எல்லாப் பத்திரங்களின் மூலங்களையும் ஒரே பையில் திணித்து வைத்தல் நல்ல முறையன்று. அந்தப் பை ஆற்றோடு போனாலும், முகாமில் களவு போனாலும், குடும்பத்தின் உடைமை முழுவதும் ஒரே கணத்தில் போய்விடும். மீண்டும் பெறுதல் எத்துணை அரிது என்பதைக் கொண்டு பத்திரங்களை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதலாவது, மீண்டும் பெற மிகவும் அரியவை. கிரயப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், உயில் ஆகியவை இவ்வகை. பதிவு பெற்ற பத்திரத்திற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும். எனினும், கடன் பெறும்போதும் விற்கும்போதும் மூலத்தையே கேட்பர். ஆகவே, இவற்றை வங்கிப் பாதுகாப்புப் பெட்டகத்திலோ, மேட்டு நிலத்தில் வாழும் நம்பிக்கையான உறவினரிடமோ வைத்தல் நலம். ஆனால் பெட்டகத்தில் வைத்துவிட்டால் கவலையே இல்லை என்று எண்ணற்க. 2022ஆம் ஆண்டு ஜனவரி முதல் நடப்பிலுள்ள ரிசர்வ் வங்கி விதிகளின்படி, தீ, திருட்டு, கட்டடச் சரிவு, ஊழியர் மோசடி ஆகியவற்றால் நேரும் இழப்பிற்கு வங்கி ஆண்டு வாடகையைப் போல் நூறு மடங்கு வரை பொறுப்பேற்கும். வங்கியின் தவறின்றி வெள்ளம், நிலநடுக்கம் போன்ற இயற்கைச் சீற்றத்தால் நேரும் இழப்பிற்குப் பொறுப்பேற்காது. ஆதலின், பெட்டகத்தினுள்ளும் பத்திரங்களை நீர் புகாத உறையில் இட்டே வைத்தல் வேண்டும்.

இரண்டாவது, மீண்டும் பெறலாமேனும் உடனே தேவைப்படுபவை. குடும்ப அட்டை, ஆதார், வாக்காளர் அட்டை, வங்கி மற்றும் சங்கப் பாஸ் புத்தகங்கள், நகைக் கடன் ரசீது, வைப்பு ரசீது, காப்பீட்டு ரசீதுகள், மருத்துவச் சீட்டு, நெசவாளர் அடையாள அட்டை ஆகியவை இவ்வகை. இவை பையில் இருக்கலாம்.

மூன்றாவது, அரசினர் ஏட்டில் பதிவாகி இருப்பவை. பட்டா, சிட்டா, பிறப்பு இறப்புச் சான்று முதலியன இவை. இவற்றுக்கு நகல் வைத்தாலே போதும். பட்டா எண், புல எண், பதிவு எண் தெரிந்தால் மறு நகல் எளிதில் கிடைக்கும். 2015ஆம் ஆண்டுச் சென்னை, கடலூர் வெள்ளத்திற்குப் பின்னர் அரசு சிறப்பு முகாம்கள் நடத்தி, இழந்த ஆவணங்களுக்கு மாற்று வழங்கியது. அத்தகைய முகாம்களில் எண் தெரிந்தவர் வேலை விரைவில் முடியும். பெயரை மட்டும் சொல்பவர் காத்திருக்க நேரும்.

நகல் எடுப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஜெராக்ஸ் நகலின் கருமை சூட்டினால் காகிதத்தோடு ஒட்டவைக்கப்படுவது. நீரில் எளிதில் கரைவதில்லை. மைப் பேனாவின் எழுத்தும், ரப்பர் முத்திரையும், மை தெளித்து அச்சிடும் இயந்திரத்தின் அச்சும் கரைந்துவிடும். எண்களின் பட்டியலைப் பென்சிலாலோ பந்துமுனைப் பேனாவாலோ எழுதுதல் நன்று. மூலப் பத்திரங்களுக்கு லாமினேஷன் செய்யும் வழக்கம் வேண்டாம்; ஓரத்தில் ஈரம் புகுந்தால் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே பூசணம் பிடிக்கும்.

கைப்பேசி வைத்திருப்போர் மத்திய அரசின் டிஜிலாக்கர் என்னும் மின்னணுப் பெட்டகத்தையும் பயன்படுத்தலாம். 2015இல் தொடங்கப்பெற்ற அதில், வழங்கிய அலுவலகத்திலிருந்தே நேராக வந்து சேரும் ஆவணங்கள் மூலத்திற்கு ஒப்பானவை எனச் சட்ட விதி கூறுகின்றது. நாமே படமெடுத்து ஏற்றிவைக்கும் நகலுக்கு அத்தகுதி இல்லை. மின்சாரமும் கோபுரமும் செயலற்ற நாளில் அதனைத் திறக்கவும் இயலாது. ஆகவே, அது காகித நகலுக்குத் துணையேயன்றி மாற்றன்று.

ரொக்கம் எவ்வளவு?

வெள்ள நாளில் மின்சாரம் நின்றுவிட்டால் ஏ.டி.எம். இயங்காது, கைப்பேசி வழிப் பணமும் நகராது. கையில் சிறிது ரொக்கம் இன்றியமையாதது. குடும்பம் மூன்று நான்கு நாள் பால், மருந்து, வண்டிக் கூலி ஆகியவற்றிற்குச் செலவிடக்கூடிய தொகை போதுமானது. அதனைப் பத்து, இருபது, ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்களாகவே வைத்தல் வேண்டும். அந்நேரத்தில் ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை தருவார் இரார். தொகையை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியைப் பையிலும், மறு பகுதியை வீட்டுப் பெண்மணியின் சுருக்குப் பையிலும் வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு மேற்பட்ட பணத்தை வீட்டில் பதுக்கி வைத்தல் கூடாது. அரிசிப் பானையிலும் பரணிலும் வைத்த பணம் நீருக்கும் கரையானுக்கும் இரையாவது ஒருபுறமிருக்க, வேறோர் ஆபத்தும் உண்டு. 2016 நவம்பர் 8ஆம் நாள் நள்ளிரவோடு பழைய ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்த் தாள்கள் செல்லாதனவாயின. 2023 மே மாதத்தில் இரண்டாயிரம் ரூபாய்த் தாள் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அவசரப் பையில் வைத்து மறந்த தாளும் இவ்வாறு பயனற்றுப் போகக்கூடும். ஆண்டுக்கொரு முறை தாள்களை மாற்றி வைத்தல் இதற்குத் தக்க பரிகாரம்.

மிச்சப் பணத்திற்கு உரிய இடம் வங்கியும் சங்கமுமே. வணிக வங்கி, மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி, நகரக் கூட்டுறவு வங்கி ஆகியவற்றின் வைப்புகளுக்கு 2020ஆம் ஆண்டு பிப்ரவரி முதல், ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களின் வைப்புகள் அக்காப்பீட்டில் அடங்குவதில்லை. இதனை ஒளிக்காமல் சொல்லுதல் கூட்டுறவாளர் கடமை. சங்கத்தில் வைப்பு வைத்திருப்போர் ரசீதைப் பத்திரமாகக் காத்தலும், பாஸ் புத்தகத்தில் அவ்வப்போது வரவு பதியச் செய்தலும், வாரிசு நியமனத்தை எழுதிக் கொடுத்தலும் இதனால் மேலும் அவசியமாகின்றன.

இரகசியம் இரகசியமாகவே இருக்க

இனி, பையின் மறுபக்கத்தைக் கூற வேண்டும். அவசரத்திற்கு எல்லாம் ஒருங்கே இருக்க வேண்டும் என்று கட்டப்படும் பை, தீயவர் கையில் சிக்கினால் அவருக்கும் எல்லாவற்றையும் ஒருங்கே கொடுத்துவிடும். முன்னாளில் பையைத் திருடியவன் அதிலிருந்த ரொக்கத்தை மட்டுமே கொண்டு போனான். இன்று அட்டையும் அதன் இரகசிய எண்ணும் சேர்ந்து கிடைத்தால், வங்கியில் உள்ளதையும் கொண்டு போகலாம்.

ஆதலின், ஏ.டி.எம். அட்டையின் இரகசிய எண்ணை அட்டையின் பின்புறத்திலோ, பாஸ் புத்தகத்திலோ, பையிலுள்ள வேறெந்தத் தாளிலோ எழுதவே கூடாது. நினைவில் நிற்காது என்னும் முதியோர், அதனைப் பையில் வைப்பதைவிட வேற்றூரில் வாழும் மகனோ மகளோ ஒருவரிடம் மட்டும் சொல்லி வைத்தல் மேலெனச் சிலர் கருதுவர். அதைவிடவும், அட்டையைப் பயன்படுத்தாது வங்கிக்கு நேரில் சென்று பணம் பெறுதலே அவர்களுக்குச் சிறந்தது. கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையையும், கையெழுத்திட்ட வெற்றுத் தாளையும் பையில் வைக்கலாகாது.

ஆதார் நகலுக்கும் எச்சரிக்கை தேவை. பன்னிரண்டு இலக்கங்களுள் கடைசி நான்கை மட்டும் காட்டும் மறைப்பு ஆதாரை ஆதார் ஆணையமே வழங்குகின்றது. அடையாளம் காட்டப் பல இடங்களில் அதுவே போதும். நகல் கொடுக்க நேர்ந்தால், அதன் குறுக்கே எக்காரியத்திற்குக் கொடுக்கப்படுகின்றது என்பதையும் தேதியையும் எழுதிக் கொடுத்தல் நலம். விரல் ரேகையைக் கொண்டும் பணம் எடுக்கும் முறை இக்காலத்தில் இருத்தலால், வேண்டாத காலத்தில் ரேகையைப் பூட்டி வைக்கும் வசதியும் உண்டு. 1947 என்னும் எண்ணில் இது குறித்து விசாரிக்கலாம்.

வெள்ளம் வடிந்தவுடன் நிவாரணப் பட்டியல் என்று கூறிக்கொண்டு வருவோர் சிலர் போலிகளாக இருப்பர். பெயரும் முகவரியும் கேட்பது இயல்பு. கைப்பேசிக்கு வரும் ஒருமுறை எண்ணைக் கேட்பது இயல்பன்று. எந்த அரசு அலுவலரும் நிவாரணம் கொடுப்பதற்கு அட்டையின் இரகசிய எண்ணைக் கேட்பதில்லை. இதனை வீட்டிலுள்ள முதியோருக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் சொல்லி வைத்தல் வேண்டும்.

பையைக் கட்டும் முறை

தோளில் மாட்டக்கூடிய, இரு கைகளும் ஓய்வாக இருக்கக்கூடிய ஒரு பை போதும். பத்திரங்களைத் தடித்த பிளாஸ்டிக் உறையில் இட்டு, வாயை இருமுறை மடித்துக் கட்டி, அதனை மற்றோர் உறைக்குள் தலைகீழாகச் செருகினால் நீர் எளிதில் புகாது. ஈரமுள்ள நாளில் கட்டுதல் கூடாது. உள்ளே அடைபட்ட ஈரமே பத்திரத்தைக் கெடுக்கும்.

பையில் ஒரு பட்டியல் இருத்தல் வேண்டும். குடும்பத்தினர் பெயர், இரத்த வகை, வேற்றூர் உறவினர் இருவரின் தொலைபேசி எண், வங்கியின் பெயரும் கிளையும், சங்க உறுப்பினர் எண், அட்டையை முடக்குவதற்கான வங்கியின் எண் ஆகியவை அதில் இருக்கலாம். மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077, மாநில எண் 1070, பண மோசடி குறித்துப் புகார் செய்யும் எண் 1930 ஆகியவற்றையும் எழுதிக்கொள்க. கைப்பேசியின் மின்கலம் தீர்ந்துவிட்டால் அதில் பதிந்துள்ள எண்கள் பயன்படா. தாளில் உள்ளவையே உதவும்.

பையைத் தரையிலோ கட்டிலின் கீழோ வைக்காமல் உயரத்தில், எட்டி எடுக்கக்கூடிய இடத்தில் வைத்தல் வேண்டும். அதன் இடம் குடும்பத் தலைவருக்கு மட்டும் தெரிந்திருப்பது பெரும் குறை. அவர் வயலிலோ சந்தையிலோ இருக்கும்போதே வெள்ளம் வரக்கூடும். மனைவிக்கும், வயது வந்த மக்களுக்கும் பையின் இடமும் அதிலுள்ளவையும் தெரிந்திருக்க வேண்டும். தெருவில் மற்றெவருக்கும் தெரிய வேண்டியதில்லை.

நீர் வடிந்த பின்னர்

நனைந்த பத்திரங்களைக் கடும் வெயிலில் காய வைக்கலாகாது; சுருங்கி எழுத்து மங்கும். நிழலில், காற்றோட்டத்தில், தாளுக்குத் தாள் இடையே உறிஞ்சும் காகிதம் வைத்து உலர்த்துக. ஒட்டிக்கொண்ட தாள்களை இழுத்துப் பிரிக்க முயலற்க.

நனைந்த ரூபாய்த் தாள்களைக் குறித்து மனம் தளர வேண்டாம். அழுக்கடைந்த, கிழிந்த தாள்களை வணிக வங்கிக் கிளைகளில் மாற்றிக்கொள்ளலாம். ஐம்பது ரூபாய்க்குக் குறைந்த தாளில், பிரியாத பெரிய துண்டு பாதிக்கு மேல் இருந்தால் முழு மதிப்பும் கிடைக்கும். ஐம்பதும் அதற்கு மேற்பட்டதுமான தாளில் அத்துண்டு நூற்றுக்கு எண்பதுக்கு மேல் இருப்பின் முழு மதிப்பும், நாற்பது முதல் எண்பது வரை இருப்பின் பாதி மதிப்பும் கிடைக்கும். பிரிக்க இயலாதவாறு ஒட்டிக்கொண்டனவும், தொட்டால் நொறுங்குவனவும், கருகினவும் ரிசர்வ் வங்கியின் வெளியீட்டு அலுவலகத்திலேயே ஏற்கப்படும். நமக்கு அது சென்னையில் உள்ளது. வழியில் இடைத்தரகரிடம் பாதி விலைக்குக் கொடுத்து ஏமாற வேண்டாம்.

பை தொலைந்துவிட்டால் வரிசை இதுவாக இருக்கட்டும்: முதலில் அட்டையை முடக்குதல், அடுத்து, கைப்பேசியும் போயிருந்தால் அதன் எண்ணை முடக்குதல், மூன்றாவது, காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது பெறுதல், அதன் பின்னரே மாற்று ஆவணங்களுக்கு மனுச் செய்தல். கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டதாகத் தெரிந்தால் கணமும் தாமதியாது 1930க்கும் வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். இரகசிய எண்ணைத் தாமே வெளிப்படுத்திய வாடிக்கையாளர், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை நேரும் நஷ்டத்தைத் தாமே ஏற்க வேண்டும் என்பது விதி.

சங்கங்கள் செய்யத்தக்கது

தனி மனிதன் செய்வதைச் சங்கம் எளிதாகவும் மலிவாகவும் செய்ய இயலும். நீர் புகாத உறைகளை மொத்தமாக வாங்கி அடக்க விலைக்கு வழங்கலாம். மழைக் காலத்திற்கு முன் ஒரு நாளைக் குறித்து, எல்லா உறுப்பினர்களின் பாஸ் புத்தகங்களையும் நூல் கணக்குகளையும் பதிந்து கொடுக்கலாம். வாரிசு நியமனம் இல்லாத உறுப்பினர்களின் பட்டியலை எடுத்து, அவர்களை அழைத்து எழுதி வாங்கலாம். சங்கத்தின் பேரேடுகளையும் நகைப் பெட்டகத்தையும் தரை மட்டத்திற்கு மேல் உயர்த்தி வைத்தல் நிர்வாகிகளின் கடமை. உறுப்பினர் ரசீதும் சங்கப் பேரேடும் ஒரே வெள்ளத்தில் போய்விட்டால் கணக்கை மெய்ப்பிக்க எதுவும் எஞ்சாது. ஆனால் உறுப்பினர்களின் ஆதார் நகல்களை மேசை மேல் கட்டுக் கட்டாகக் கிடக்க விடுதல் கூடாது. பிறர் நம்பிக் கொடுத்த தாளும் பிறர் நம்பிக் கொடுத்த பணத்தைப் போன்றதே.

ஆடிப் பதினெட்டில் ஆற்றுக்கு வழிபாடு செய்வது நம் மரபு. ஆண்டுதோறும் அந்நாளிலேயே பையைத் திறந்து, தாள்களை மாற்றி, பட்டியலைத் திருத்தி, மீண்டும் கட்டி வைக்கும் வழக்கத்தை மேற்கொள்ளுமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். அதற்குச் செலவாவது அரை மணி நேரமும் சில ரூபாயுமே. ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு வீட்டிலும் அப்பை கட்டப்பட்டிருக்குமாயின், வெள்ளம் வீட்டுக்குள் வந்தாலும் குடும்பத்தின் உரிமையைக் கொண்டு போக இயலாது.